எங்கள் வீட்டு லேப்டாப்பில் பயர்பாக்ஸ்: சென்-ஆந்த்ரேயிலிருந்து ஒன்பது மாத அனுபவம்

போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் ரீயூனியன் தீவின் சலாசி மலைப்பகுதியிலிருந்து வந்த சௌசௌ நான்கைத் தோல் சீவி வைத்துவிட்டு, கிராத்தேன் என்ற பிரெஞ்சுப் பதார்த்தத்துக்கு எவ்வளவு பால், எவ்வளவு வெண்ணெய் என்று பார்க்கச் சமையலறை மேசையில் இருந்த லேப்டாப்பைத் திறந்தேன். சமையல் குறிப்புக்கு இரண்டு பக்கமும் விளம்பரம். வலப்பக்கம் ஒரு பச்சைக் குழந்தையின் பாதம், அதன் கீழே ஸ்பெயினில் இருக்கும் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையின் பெயர். இடப்பக்கம் கருத்தரிக்க விரும்பும் பெண்களுக்கான மாத்திரை. கொஞ்சம் கீழே இறங்கினால் அதே பாதம் மறுபடியும்.

எனக்கு வயது 59. அந்த விளம்பரம் எனக்கானது இல்லை என்று புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த லேப்டாப்பை நான், என் வீட்டுக்காரர், மகன், மருமகள் என்று நான்கு பேர் தொடுவோம். பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மருமகள் தானாக, தனக்கு மனம் வந்த நாளில் சொல்லியிருக்க வேண்டிய விஷயத்தை, பால் அளவு பார்க்க வந்த எனக்கு ஒரு விளம்பரம் சொல்லிவிட்டது. லேப்டாப்பை மூடினேன். அன்று கிராத்தேன் செய்யவில்லை; சௌசௌவைக் கூட்டாக வைத்துவிட்டேன்.

இதை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அவளே பிரித்துச் சொன்னாள். அவள் ரீயூனியனில் பிறந்து வளர்ந்தவள், மூன்று தலைமுறைக்கு முன்பே தமிழ் கைநழுவிப்போன குடும்பம். என்னை 'அத்தை' என்று கூப்பிடுவாள், மற்றதெல்லாம் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில். நான் புதுச்சேரியில் பிறந்து 1994-ல் கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தவள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கணினி படித்தவள் இல்லை. அதனால் இந்த மதிப்பீட்டை ஒரு வீட்டில் நான்கு பேருக்கு ஒரு கணினி வைத்துக்கொண்டு வாழ்பவளின் மதிப்பீடாகவே படியுங்கள்.

அந்த வாரமே நகராட்சி நூலகத்துக்குப் போனேன். கணினி விஷயத்தில் உதவுவதற்கென்றே அரசு செலவில் ஆலோசகர்களை இங்கே பல ஊர்களில் வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. என் மகன் வயதுப் பெண் ஒருத்தி. நடந்ததைச் சொன்னேன், ஆள் யார் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. லேப்டாப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "மதாம், முதலில் பிரவுசரை மாற்றுவோம், பிறகு வீட்டில் பகிர்ந்துகொள்ளும் விதத்தை மாற்றுவோம்" என்றாள். முதல் பாதி, அதாவது வலைத்தளங்களைத் திறக்கும் மென்பொருளாகிய பிரவுசரைப் பயர்பாக்ஸுக்கு மாற்றுவது, சுலபமாக முடிந்தது. இரண்டாம் பாதிதான் உண்மையான வேலை என்று பிறகு தெரிந்தது.

பயர்பாக்ஸ் புதிய பொருள் ஒன்றும் இல்லை. முதல் பதிப்பு 2004 நவம்பரில் வந்தது. மொசில்லா என்ற லாபநோக்கற்ற அறக்கட்டளையின் கீழ் இயங்கும் நிறுவனம் செய்வது. இலவசம். ஆனால் நான் அதைத் தேர்ந்தெடுத்த காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் குக்கி என்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பெண் சொன்ன விளக்கம் எனக்குப் பாதிதான் ஏறியது. வீட்டுக்கு வந்து, புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் வாசலை நினைத்துக்கொண்டபோதுதான் முழுதும் விளங்கியது.

செருப்பை விட்டால் எண் போட்ட டோக்கன் ஒன்று தருவார்கள். சாமி கும்பிட்டுவிட்டு வந்து டோக்கனை நீட்டினால் நம் செருப்பு நம்மிடம். டோக்கனில் நம் பெயர் இல்லை, வெறும் எண்தான். குக்கியும் அதுதான். வலைத்தளத்துக்கு இயல்பாகவே ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் புது ஆளாகத்தான் பார்க்கும், கூடையில் போட்ட சாமான் காணாமல் போய்விடும். 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொந்துல்லி என்ற பொறியாளர் குக்கியைக் கொண்டுவந்தது இந்த ஞாபகத்துக்காகத்தான். நாம் கணக்கில் நுழைந்தபின் ஒவ்வொரு பக்கத்திலும் மறுபடி பாஸ்வேர்ட் கேட்காமல் இருப்பதும் அந்த டோக்கனால்தான். இதில் ஒரு குற்றமும் இல்லை.

இப்போது, அந்தச் செருப்புக்காரரைத் தவிர இன்னொருவர் வாசலில் நிற்கிறார் என்று வையுங்கள். அவரும் நம் கையில் ஒரு டோக்கனைத் திணிக்கிறார். அதே ஆளின் கூட்டாளிகள் நேரு வீதியில் ஜவுளிக்கடை வாசலிலும், மருந்துக்கடை வாசலிலும், டாக்டர் வீட்டு வாசலிலும் நிற்கிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் நம் டோக்கன் எண்ணைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். பெயர் தெரியாது, ஆனால் 412-ஆம் எண் காலையில் டாக்டர் வீட்டுக்குப் போனது, மத்தியானம் மருந்துக்கடைக்குப் போனது என்று தெரியும். மூன்றாம் தரப்புக் குக்கி என்பது இதுதான். நாம் பார்க்க வந்த தளம் வேறு, டோக்கன் தந்த ஆள் வேறு. என் மருமகள் மருத்துவத் தகவல் தளம் ஒன்றில் 'எல்லாம் சம்மதம்' என்ற பெரிய பொத்தானை அழுத்தியிருக்கிறாள், சீக்கிரம் படித்துவிட்டு மூட வேண்டும் என்ற அவசரத்தில். டோக்கன் லேப்டாப்பின் கையில் இருந்தது. இரண்டு நாள் கழித்து அதே லேப்டாப்போடு நான் சமையல் தளத்துக்குப் போனேன்.

பயர்பாக்ஸ் என்ன செய்கிறது என்றால், ஒரு வாசலில் வாங்கிய டோக்கன் அந்த வாசலில் மட்டும்தான் செல்லும் என்று ஆக்கிவிடுகிறது. ஒவ்வொரு தளத்துக்கும் குக்கிகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு மூடி வைக்கிறது. மருத்துவத் தளத்தில் விளம்பரக்காரர் தந்த எண்ணை, சமையல் தளத்தில் அதே விளம்பரக்காரர் கேட்டாலும் கொடுக்காது. அங்கே அவருக்கு நாம் புது ஆள். 2022 ஜூனிலிருந்து இது கணினியில் பயர்பாக்ஸ் போடும் எல்லாருக்கும் தானாகவே இயங்குகிறது, எதையும் தேடி அழுத்த வேண்டியதில்லை. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: சஃபாரி 2020 மார்ச்சிலிருந்தே மூன்றாம் தரப்புக் குக்கிகளை அடியோடு தடுக்கிறது. கூகுளின் குரோம் மட்டும், இரண்டு வருஷத்தில் நிறுத்துவோம் என்று 2020 ஜனவரியில் அறிவித்து, தள்ளித் தள்ளிப் போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. நாங்கள் அதுவரை பயன்படுத்தியது எது என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. வாங்கிய லேப்டாப்பில் என்ன இருந்ததோ அது.

மாற்றிய அன்றே அந்தச் சமையல் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். முகவரிப் பட்டைக்கு இடப்பக்கம் ஒரு சிறிய கேடயம் இருக்கும். அதைத் தொட்டால் அந்தப் பக்கத்தில் யார் யாரைத் தடுத்தது என்று பட்டியல் விரியும். சௌசௌ கிராத்தேனுக்கான ஒரு பக்கம்! கேள்விப்பட்டே இராத நிறுவனப் பெயர்கள் வரிசையாக, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் நீளத்துக்கு. குழந்தையின் பாதம் போய்விட்டது. அதற்குப் பதில் கார் இன்சூரன்ஸ் விளம்பரம் ஒன்று வந்தது, எல்லாருக்கும் வருகிற மாதிரி. எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

விளம்பரத்தையே பார்க்க வேண்டாம் என்றால் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியை, அதாவது பிரவுசரோடு இணைக்கும் சிறு நிரலை, சேர்த்துக்கொள்ளலாம். ரேமண்ட் ஹில் என்பவர் நன்கொடைகூட வாங்காமல் இலவசமாகத் தருவது. குரோமில் விதிகளை மாற்றியதால் அங்கே இந்த நீட்சியின் முழு வடிவம் இப்போது இயங்காது, பயர்பாக்ஸில் இயங்குகிறது. ஆண்ட்ராய்டு போன் பயர்பாக்ஸிலும் போடலாம். ஐபோன் பயர்பாக்ஸில் முடியாது. என் வீட்டில் மூன்று போன் ஆண்ட்ராய்டு, மகனுடையது மட்டும் ஐபோன்.

இங்கே ரீயூனியனில் இருப்பதால் நமக்கு ஒரு சட்டப் பாதுகாப்பும் உண்டு, அதை நம் ஆட்கள் பலர் பயன்படுத்துவதே இல்லை. 1946-லிருந்து இந்தத் தீவு பிரான்சின் ஒரு மாவட்டம். பாரீசிலிருந்து 9,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இந்துமாக்கடலில் கிடந்தாலும் ஐரோப்பியத் தரவுச் சட்டம் இங்கே அப்படியே செல்லும். தரவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரெஞ்சு அமைப்பின் பெயர் க்னில். 1978 ஜனவரி 6-ஆம் தேதிச் சட்டத்தால் பிறந்தது. அப்போது வலைத்தளமும் இல்லை, குக்கியும் இல்லை. இந்த அமைப்பு சொல்வது எளிமையானது: சம்மதிப்பது எவ்வளவு சுலபமோ, மறுப்பதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். சம்மதிக்க ஒரு அழுத்து, மறுக்க ஐந்து அழுத்து என்று வைக்கக் கூடாது. 2021 மார்ச் முடிவதற்குள் எல்லாத் தளங்களும் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கெடு வைத்தார்கள். 2022 ஜனவரியில் இதே காரணத்துக்காகக் கூகுளுக்கு 150 மில்லியன் யூரோ, ஃபேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோ அபராதம் அறிவித்தார்கள். 2025 செப்டம்பரில் கூகுளுக்கு மறுபடி 325 மில்லியன்; துணி விற்கும் ஷீயினுக்கு 150 மில்லியன். ஷீயின் மேல் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, ஆள் உள்ளே நுழைந்த உடனேயே, எதையும் அழுத்துவதற்கு முன்பே, விளம்பரக் குக்கிகளை வைத்துவிட்டது என்பது. என் தமிழ் வகுப்புக்கு வரும் பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் போட்டுக்கொண்டு வரும் சட்டை அங்கே வாங்கியது.

அதனால் பிரெஞ்சுத் தளங்களில் 'தூ ரெஃப்யூசே', அதாவது எல்லாவற்றையும் மறுக்கும் பொத்தானைத் தேடுங்கள். அது இல்லையென்றால் பெட்டியின் வலது மேல் மூலையில் பாருங்கள். 'கொந்தினுவே சான் ஆக்செப்தே' என்று பொடி எழுத்தில், வெளிறிய நிறத்தில் இருக்கும், சம்மதிக்காமல் தொடர்வதற்கு. கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன் நான். முதல் ஒரு வாரம் கை தானாகப் பெரிய பொத்தானுக்குத்தான் போகும். பிறகு மூலைக்குப் போகப் பழகிவிடும். என் மருமகளுக்கு இதைத்தான் முதலில் காட்டினேன். புதுச்சேரியில் இருக்கும் என் தங்கை வீட்டில் அதே தளத்தைத் திறந்தால் பல சமயம் மறுக்கும் பொத்தானே வருவதில்லை. இந்தியாவிலும் 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிவிட்டது, நம் பிள்ளைகள் காலத்திலாவது அங்கேயும் இந்தப் பொத்தான் வரும் என்று நம்புகிறேன்.

சில தளங்கள் இப்போது வேறு வழி பிடித்திருக்கின்றன: சம்மதம் கொடு, இல்லையென்றால் மாதச் சந்தா கட்டு. இதை முழுக்கத் தடை செய்ய க்னில் பார்த்தது. அப்படிப் பொதுவாகத் தடை போட அதிகாரம் இல்லை என்று 2020-ல் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏழைக்கு ஒரு அந்தரங்கம், இரண்டு யூரோ கட்டுபவருக்கு ஒரு அந்தரங்கம் என்று ஆவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்தத் தளங்களை மூடிவிட்டு வெளியே வந்துவிடுகிறேன். கிராத்தேன் குறிப்பு இல்லாத தளமா உலகத்தில் இல்லை?

ஒரு அவசரத்தில் இந்தப் பெட்டிகள் என்ன பாடு படுத்தும் என்பதையும் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரி 28 காலை கரான்ஸ் புயல் தீவின் வடக்கே கரையேறியபோது, மின்சாரம் போய், போனில் சிக்னல் ஒரு கோடு மட்டும் நின்றது. புயலின் கண் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு வானிலைத் தளத்தைத் திறந்தார் என் வீட்டுக்காரர். வரைபடத்துக்கு முன்னால் குக்கிப் பெட்டி வந்து திரை முழுவதையும் மறைத்தது. மறுக்கும் பக்கம் ஏறவே இல்லை, சுழன்றுகொண்டே இருந்தது. கடைசியில் 'சம்மதம்' என்று அழுத்தினார். கூரைத் தகரம் அடித்துக்கொள்கிற நேரத்தில் யார்தான் அழுத்த மாட்டார்கள்? அப்படி வாங்கிய சம்மதத்தை சம்மதம் என்று எழுதிக்கொள்கிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இப்போது அவர் போனிலும் பயர்பாக்ஸ்தான். அழுத்தினாலும் டோக்கன் அந்த வாசலைத் தாண்டாது.

இனி கணக்குகள் விஷயம். இதில்தான் பயர்பாக்ஸால் முடிகிறதும் இருக்கிறது, முடியாததும் இருக்கிறது.

முடிவது: பாஸ்வேர்ட். சங்கத்துக்கு, வரிக்கு, மருத்துவக் காப்பீட்டுக்கு, மின்சாரத்துக்கு, விமான டிக்கெட்டுக்கு என்று எங்கள் வீட்டில் எண்ணிப் பார்த்ததில் 61 கணக்குகள். எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்காரர் வைத்திருந்தது இரண்டே பாஸ்வேர்ட், இரண்டும் பிள்ளையின் பிறந்தநாள். 2024 தொடக்கத்தில் மருத்துவக் காப்பீட்டுப் பணம் கையாளும் இரண்டு நிறுவனங்களிலிருந்து 3 கோடியே 30 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தகவல் களவு போனது என்று க்னில் அறிவித்ததே, அது ஞாபகம் இருக்கிறதா? பிரான்சு மக்கள்தொகையில் கிட்டத்தட்ட பாதி. எங்கிருந்தாவது ஒரு பாஸ்வேர்ட் களவு போனால், அதே சாவியை மற்ற எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்ப்பதுதான் திருடர்களின் முதல் வேலை. புதுக் கணக்குத் தொடங்கும்போது பயர்பாக்ஸே 15 எழுத்தில் ஒரு பாஸ்வேர்டைச் செய்து தந்து, ஞாபகம் வைத்துக்கொள்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 61-ஐ 38-ஆகக் குறைத்து, மீதிக்கெல்லாம் மாற்றினேன். வரி, காப்பீடு, ஓய்வூதியம் போன்ற அரசுத் தளங்களுக்கு பிரான்ஸ்-கொனெக்ட் என்ற பொது நுழைவு வசதி இருப்பதால் ஒரே நுழைவில் வேலை முடிகிறது. அங்கே நம் பாஸ்வேர்ட் மற்ற தளத்துக்குப் போவதும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. 'ப்ரைமரி பாஸ்வேர்ட்' என்று அமைப்புகளில் ஒன்று உண்டு. அதைப் போட்டால்தான் சேமித்த பாஸ்வேர்டுகளுக்குப் பூட்டு. போடாவிட்டால் திறந்து கிடக்கும் கணினியில் யார் உட்கார்ந்தாலும் நம் கணக்குகளுக்குள் நுழைந்துவிடலாம். இது பயர்பாக்ஸை நிறுவும்போது தானாகக் கேட்கப்படுவதில்லை. கேட்க வேண்டும். பகிர்ந்துகொள்ளும் கணினிகளுக்கு இது பெரிய குறை என்பது என் கருத்து.

முடியாதது: நாமாகவே எழுதிக் கொடுத்துவிட்ட தகவல். இதைத் தீவில் இருப்பவர்கள் எல்லாரும் அனுபவித்திருப்பீர்கள். குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்க பிரான்சு பெருநிலத்துக் கடை ஒன்றின் தளத்துக்குப் போனேன். வாங்குவதற்குக் கணக்குத் தொடங்கச் சொன்னது. பெயர், பிறந்த தேதி, போன், மின்னஞ்சல், வீட்டு முகவரி. எல்லாம் கொடுத்து, அஞ்சல் குறியீடு 97440 என்று போட்டு அடுத்த பக்கம் போனால், உங்கள் பகுதிக்கு அனுப்புவதில்லை என்றது. வளையம் வரவில்லை, ஆனால் நான் யார், எங்கே இருக்கிறேன், எப்போது பிறந்தேன் என்பது அவர்களிடம் தங்கிவிட்டது. மறுநாளிலிருந்து தினம் ஒரு மின்னஞ்சல், இங்கே அனுப்பவே அனுப்பாத சாமான்களுக்கு. எந்தப் பிரவுசரும் இதைத் தடுக்க முடியாது. சட்டம் தடுக்கும். நம் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமை உண்டு. பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். க்னில் தளத்தில் அதற்கான மாதிரிக் கடிதம் இருக்கிறது. பெயரை மாற்றி அனுப்பினேன். 26-ஆம் நாள் அழித்துவிட்டதாகப் பதில் வந்தது. ரப்பர் வளையத்தைத் தீவின் தலைநகர் சென்-தெனியில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கிக்கொண்டேன்.

அதே மாதிரி, கூகுள் கணக்கிலோ ஃபேஸ்புக் கணக்கிலோ நுழைந்துகொண்டே சுற்றினால் அந்த நிறுவனங்களுக்குள்ளே நாம் செய்வதெல்லாம் நம் பெயரிலேயே பதிவாகும். அங்கே டோக்கனே தேவையில்லை. இதைக் கொஞ்சம் மட்டுப்படுத்த 'கண்டெய்னர்' என்ற நீட்சி ஒன்று மொசில்லாவே தருகிறது. தாவல்களுக்கு (டேப்) நிறம் கொடுத்துப் பிரித்து வைப்பது. வங்கிக்குப் பச்சை, கடைக்கு ரோஜா நிறம், அலுவலுக்கு ஆரஞ்சு, சொந்த விஷயத்துக்கு நீலம். தாவலின் மேல் மெல்லிய நிறக்கோடு ஓடும். ஒரு நிறத்தில் நுழைந்த கணக்கு இன்னொரு நிறத்துக்குத் தெரியாது. நான் சங்கத்தின் மின்னஞ்சலை ஆரஞ்சிலும் என்னுடையதை நீலத்திலும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கிறேன். முன்பு ஒன்றிலிருந்து வெளியேறி மற்றதில் நுழைய வேண்டியிருந்தது. போனில் இது கிடையாது.

மொசில்லாவைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் வருமானத்தின் பெரும்பகுதி கூகுளிடமிருந்து வருகிறது, பயர்பாக்ஸில் தேடுபொறியாகக் கூகுளை முதலில் வைப்பதற்காக. 2024-ல் விளம்பரங்களை அளக்கும் ஒரு சோதனை வசதியை யாரையும் கேட்காமல் இயக்கி வைத்தார்கள், அதற்கு ஐரோப்பாவில் புகார் போனது. 2025 பிப்ரவரியில் பயன்பாட்டு விதிகளை மாற்றியபோது, 'உங்கள் தரவை விற்க மாட்டோம்' என்ற பழைய வாக்கை எடுத்துவிட்டதைப் பார்த்து மக்கள் கொதித்தார்கள். சில நாளில் வாசகங்களைத் திருத்தினார்கள். அந்தரங்கம் என்ற சொல்லை விற்றுப் பிழைக்கும் நிறுவனம் சொல்லில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமைப்புகளில் 'தரவு சேகரிப்பு' என்ற பகுதிக்குப் போய் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டேன். நீங்களும் எடுத்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

சில தளங்கள் பயர்பாக்ஸில் முரண்டு பிடிக்கும். சங்கத்துக்காக நிரப்ப வேண்டிய ஒரு மானிய விண்ணப்பத்தில் 'அனுப்பு' பொத்தானே வேலை செய்யவில்லை; கேடயத்தைத் தொட்டு அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை நிறுத்தியதும் சரியானது. தமிழில் மெனு உண்டு என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். முழுதும் தமிழாகவில்லை, அங்கங்கே ஆங்கிலம் எட்டிப் பார்க்கிறது. ஆனாலும் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு 'அமைப்புகள்' என்ற சொல்லைச் சொல்லிக்கொடுக்க அதைத்தான் திரையில் காட்டுகிறேன்.

நூலகத்துப் பெண் சொன்ன இரண்டாம் பாதிக்கு வருகிறேன். ஒரே கதவை நான்கு பேர் திறந்தால் எந்தக் கேடயமும் உதவாது. தேடிய வார்த்தை, பார்த்த பக்கம் எல்லாம் வரலாற்றில் அப்படியே இருக்கும். முகவரிப் பட்டையில் ஒரு எழுத்து அடித்தால் போதும், முழு வார்த்தையும் வந்து நிற்கும். அன்று அந்த விளம்பரம் காட்டிக்கொடுக்காவிட்டால், இன்னொரு நாள் அந்தப் பட்டை காட்டிக்கொடுத்திருக்கும். பயர்பாக்ஸில் ஆளுக்கு ஒரு புரொஃபைல் வைத்துக்கொள்ளலாம். குக்கி, வரலாறு, பாஸ்வேர்ட் எல்லாம் தனித்தனி. 2025-ல் இதை மெனுவிலேயே எளிதாகக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் புரொஃபைலுக்குப் பூட்டு இல்லை, யார் வேண்டுமானாலும் யாருடையதையும் திறக்கலாம். ஆகவே நாங்கள் அதோடு நிற்காமல் விண்டோஸிலேயே நான்கு பயனர் கணக்கு தொடங்கினோம், நான்கு பாஸ்வேர்ட். என் வீட்டுக்காரர் முதலில், "ஒரே வீட்டில் என்னடி பூட்டு?" என்றார். "ஒரே வீடு என்பதால்தான்" என்றேன். அதற்குமேல் அவருக்குக் காரணம் சொல்லவில்லை.

ஜூலையில் ஒரு மாலை லேப்டாப்பை மருமகள் முன் வைத்து, "இது உன்னுடையது, எனக்கு இதன் பாஸ்வேர்ட் தெரியாது, தெரியவும் வேண்டாம்" என்று கொடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அத்தை, நீங்கள் பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். மறைத்து நடிக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று இரவு நாங்கள் பேசியதை எழுத வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

நிறுவுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. தேடுபொறியில் 'பயர்பாக்ஸ்' என்று அடித்து முதலில் வருவதை அழுத்தாதீர்கள். முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். மொசில்லாவின் சொந்தத் தளத்திலிருந்தோ போனின் ஆப் ஸ்டோரிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். ப்ரைமரி பாஸ்வேர்டை மறந்தால் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திறக்க வழி கிடையாது, அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். என்னுடையதை என் வீட்டுக்காரரின் பழைய பாஸ்வேர்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையால் எழுதி, பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் மகன் எடுத்துக்கொள்ளட்டும். சாவி எங்கே இருக்கிறது என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.